அறுபத்து நாலாம் கல்

மூன்றாவது கெட்டில் கடுந்தேநீரையும் கல்லின்மேல் ஊற்றிவிட்டு, சைகல் பழைய கம்பளித் துணியைச் சுருட்டி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அடுப்புக் கரி, புளித்த தயிர், தேநீர் என்று நேற்று மத்தியானத்திலிருந்து அந்தக் கல்லுக்குப் பூசாத பூச்சு இல்லை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அந்த ஊரில் யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஆனாலும் கல்லில் செதுக்கியிருந்த ஐந்து மலையாடுகளும் பிடிவாதமாக வெளுத்தே நின்றன. சுற்றிலும் கிடந்த நூற்றுப் பதினோரு கற்களிலும் ஏதோ பழங்காலத்தில் யாரோ செதுக்கிய ஆடுகளும் மான்களும் கல்லின் நிறத்திலேயே பழுப்பேறிக் கிடந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஐந்து மட்டும் தாங்கள் போன வாரம் பிறந்தவை என்பதை மறைக்கவே மாட்டோம் என்றன.

"பத்து மணிக்கு வண்டி வந்துரும்க்கா. இன்னும் பல்லக் காட்டுதே இது," என்றான் தாலாய். அவன் ஊராட்சித் தலைவன். காலையிலிருந்து கைப்பேசியைப் பார்ப்பதும் கீழே சாலையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"பல்லக் காட்டுற மாதிரி செதுக்கச் சொன்னது யாரு?" என்றாள் சைகல்.

"நான் சொல்லலைன்னா இன்னிக்கி அந்த இடத்துல வெறும் குழியத்தான் காட்டியிருப்பீங்க."

சைகல் குனிந்து தேய்த்தாள். கீழே தாஷ்-கேச்சு ஊர் முழுவதும் தெரிந்தது. தகரக் கூரைகள், பாப்ளார் மரங்கள், சாலையோரம் புகைபோட்ட மீனைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்கிற பெண்கள், அதற்கப்பால் எதிர்க்கரை தெரியாத ஏரி. அந்த ஊருக்குப் பெருமை என்று ஒன்று இருப்பதே போன வருடம்வரை யாருக்கும் தெரியாது. தாலாய்தான் 'பார்க்க வேண்டிய ஏழு இடங்கள்' என்று வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்தான். கல்வெளி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோட்டைச் சுவர், வெந்நீர் ஊற்று, படகுத்துறைக் கிடங்கில் இருக்கும் சின்ன அருங்காட்சியகம் என்று நான்குவரை எண்ணிக்கை ஒழுங்காகப் போயிற்று. பிறகு தடுமாறி, தன் சித்தப்பாவின் வாதுமைத் தோப்பையும் பெட்ரோல் பங்க் மாடியையும்கூடச் சேர்த்துக்கொண்டான். ஏழாவதாக 'ஊர் மக்களின் விருந்தோம்பல்' என்று போட்டிருந்தான். அதைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்று ஒரு ஜெர்மன்காரர் சைகலிடமே வந்து கேட்டார்.

எல்லாம் இந்தக் கல்வெளியை நம்பித்தான். தலைநகரிலிருந்து ஆள் வந்து, பழைய பதிவேட்டில் இருக்கிற நூற்றுப் பன்னிரண்டு கற்களும் இடத்தில் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போனால், கல்வெளி நாட்டின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் ஏறும். வேலி வரும், சாலை வரும். ஒன்று குறைந்தால் விசாரணை வரும். அந்தப் பதிவேடு அறுபத்தைந்து வருடத்துக்கு முந்தியது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புகைப்படமும் எண்ணும் உண்டு. கல்வெளிக் காவலராகச் சைகல் வேலைக்குச் சேர்ந்து இருபத்தொரு வருடம். ஒவ்வொரு டிசம்பரிலும் நூற்றுப் பன்னிரண்டு எண்களுக்கும் எதிரே 'இடத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அதில் அறுபத்து நாலுக்கு எதிரே பதினாறு வருடமாக அவள் எழுதிவருவது பொய்.

வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்த அன்று, கல் எப்போதோ காணாமல் போய்விட்டது, யார் வீட்டு அஸ்திவாரத்தில் இருக்கிறதோ என்று தாலாயிடம் சொன்னாள். அதுவும் பொய்தான். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். மறுநாளே புகைப்படத்தை எடுத்துக்கொண்டு மெடெரிடம் போய்விட்டான். மெடெர் கல்லறைக் கற்களில் முகம் செதுக்குகிறவன். கறுப்புக் கல்லில் அவன் கைபட்டால் செத்தவர் எழுந்து வந்து வணக்கம் சொல்வார் என்று ஊரில் பேச்சு. வேண்டாம் என்று சைகல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லைத் தேட ஆரம்பித்தால் எங்கே தேடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். 

அறுபத்து நாலாம் கல் ஊர் மயானத்தில் இருந்தது. அவள் கணவன் ஜானிஷின் கல்லறைமேல் கிடந்தது. கல்லறை என்றால் கல்மட்டும்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபர் காலையில் மேற்கிலிருந்து உலான் என்கிற சூறைக்காற்று கிளம்பியபோது வலை எடுக்கப் போயிருந்த ஜானிஷின் படகு கவிழ்ந்தது. நாற்பது நாள் தேடினார்கள். படகு கிடைத்தது, ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது. உடல் இல்லாமல் கல்லறை எதற்கு என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். மாமனார் யாருக்கும் பதில் சொல்லாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு மேலே போனார். மறுநாள் காலை சைகல் வேலைக்கு வந்தபோது அறுபத்து மூன்றுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஈரம் காயாத குழி இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் எழுதுவதற்கு முன் பேனாவை ஒருமுறை கீழே வைத்துவிட்டு எடுத்தாள், அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து அதுவும் இல்லை.

துணியைப் பிழிந்துகொண்டே கல்லைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நேரம் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டின் தலையிலும் உளுந்து அளவுக்கு ஒரு குழி இருந்தது.

"மெடெர்! இங்க வா. என்ன இது?"

மெடெர் உளிப் பையைத் தோளில் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தான். "கண்ணு."

"கண்ணா? இந்த வெளியில எந்த ஆட்டுக்குடா கண்ணு இருக்கு? போட்டோல இருந்துச்சா?"

"போட்டோல தெளிவா இல்லக்கா. ஆனா மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா கண்ணு வேணும்ல? நான் இதுவரைக்கும் ஒரு கல்லுலயும் கண்ணத் தொறக்காம விட்டதில்ல. வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஆட்டுக்கு எந்த வீட்டுக்காரங்கடா வந்து உங்கிட்டக் கேக்கப் போறாங்க?" என்று தாலாய் கத்தினான். பிறகு தன் குரலுக்குத் தானே பயந்து சாலையைப் பார்த்தான். கீழே வளைவில் ஒரு வெள்ளை ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு ஏறிவந்துகொண்டிருந்தது.

"மூடு. எதையாவது வெச்சு மூடு!" என்றாள் சைகல்.

சேற்றை அப்பினால் காய்ந்து உதிரும். பிசின் கிடையாது. தாலாய் தன் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வட்ட ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உயரமான இடத்தில் வைக்கிற ஊர் அது. அவன் முகம் அழுகிறவன் முகம்போல இருந்தது. மென்றதைக் கரியில் உருட்டி ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் திணித்தான்.

"ரொட்டிய இப்பிடிப் பண்றோமேக்கா. பாவம் சும்மா விடுமா?"

"முன்னாடி பண்ணதுக்கு வட்டியா இதையும் சேத்துக்க," என்றாள் சைகல். ஐந்தாவது கண் மூடியபோது ஜீப்பின் கதவு திறந்தது.

மூன்று பேர் வருவதாகக் கடிதத்தில் இருந்தது. வந்தது ஒரே ஒருத்தி. அனார்கான் என்று பெயர் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல நகரத்துக் கோட்டு, மூக்கில் நீர் ஒழுகும் ஜலதோஷம். தாலாய் வாழ்த்துரை ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவள் அதன் இரண்டாவது வரியிலேயே தும்மி, "முதல் கல்லு எது?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அனார்கான் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் மண்டியிட்டாள். சின்னக் குப்பியிலிருந்து தண்ணீர் தெளித்தாள். புகைப்படத்தைப் பக்கத்தில் பிடித்து, விரலால் ஒவ்வொரு கோட்டையும் தடவி, பிறகுதான் பதிவேட்டில் குறியிட்டாள். அவசரமே இல்லை. முப்பதாவது கல்லில் ஒரு மான்கொம்பின் கிளைகளை இரண்டு தடவை எண்ணினாள். நாற்பத்தொன்றில், "இந்த விரிசல் எப்ப வந்தது?" என்று கேட்டாள். ஏழு வருடத்துக்கு முந்திய நிலநடுக்கத்தில் என்றாள் சைகல். அனார்கான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

"தினமும் பாக்குறேன்ல."

"இந்த மாதிரி ஆளு எல்லா இடத்துலயும் கிடைக்க மாட்டாங்க," என்றாள் அனார்கான், மூக்கைத் துடைத்தபடி. சைகல் அடுத்த கல்லைக் காட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டில் இருக்கும்போதுதான் சைகல் சிட்டுக்குருவியைப் பார்த்தாள். அறுபத்து நாலின் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது. பிறகு தத்தித் தத்தி இறங்கி, முதல் ஆட்டின் கண்ணில் ஒரு கொத்து கொத்தியது. ரொட்டி. சைகல் கையை வீசினாள். முப்பது அடி தள்ளி நின்று வீசினால் குருவிக்கு என்ன வந்தது? தாலாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவனுக்கும் தெரிந்துவிட்டது. கைதட்டினால் அனார்கான் திரும்புவாள், ஓடினாலும் திரும்புவாள். குருவி இரண்டாவது கண்ணுக்குப் போயிற்று. இன்னொரு குருவியும் வந்து சேர்ந்தது. ஐம்பத்தொன்பது, அறுபது என்று அனார்கான் நிதானமாகக் குறியிட்டுக்கொண்டே வர, குருவிகள் இரண்டும் ஐந்து கண்களையும் துப்புரவாகத் தின்று முடித்து, அலகைக் கல்லிலேயே துடைத்துவிட்டுப் பறந்துபோயின.

அறுபத்து நாலின் முன்னால் அனார்கான் மண்டியிட்டாள். தண்ணீர் தெளித்தாள். தேநீர் பழுப்பாக வழிந்து இறங்கியது. ஐந்து ஆடுகளும் ஐந்து வெள்ளைக் கண்களால் அவளைப் பார்த்தன. அவள் விரலை ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தாள், பிறகு விரலை முகர்ந்தாள். புளித்த தயிர் வாசனை அந்த ஜலதோஷத்திலும் எட்டியிருக்க வேண்டும்.

"தலைவரே, எனக்குக் கொஞ்சம் சூடா டீ வேணும். கீழ போய் நீங்களே எடுத்துட்டு வந்தா நல்லது," என்றாள். தாலாய் போனான். மெடெர் எப்போதோ காணாமல் போயிருந்தான்.

காற்று மட்டும் இருந்தது. அனார்கான் ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்து பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தொரு வருசமா பாக்குறீங்க. இந்த ஆட்டுக்குக் கண்ணு இருந்துச்சா?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் சைகல் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "இல்ல," என்றாள்.

"நிஜக் கல்லு போயிருச்சு."

"ஆமா."

"யாரு எடுத்தது?"

தெரியாது என்று சொல்லவேண்டிய இடம் அது. இரண்டு மாதமாக அதற்குத்தான் தன்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். தெரியாது, எனக்கு எதுவும் தெரியாது, குளிர்காலத்தில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

"பேரச் சொல்லுங்க," என்று அனார்கான் பேனாவைத் திறந்தாள்.

"பேர நான் சொல்லக் கூடாதுங்க," என்றது சைகலின் வாய்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிப்பதில்லை. அவளுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். அதே பெயர் உள்ள மளிகைக்காரரைக்கூட அவள் 'மூலைக்கடைக்காரர்' என்றுதான் சொல்வாள். அரசாங்கத் தாளில் அந்தப் பெயரை எழுத வேண்டியிருந்தால் தாலாயை எழுதச் சொல்வாள். பெயரைச் சொல் என்று யார் கேட்டாலும், யோசிப்பதற்கு முன்பே நாக்கு அந்தப் பதிலைத் தந்துவிடும். வேறு நாட்டுக்காரி யாராவது கேட்டிருந்தால் பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பாள். அனார்கானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தான். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"மாமனாரா?"

சைகல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருடம் கட்டிக் காத்ததை ஒரு மூச்சில் அவளே அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து கண்ணை மறைத்தன.

"எங்க வெச்சிருக்காரு? வீட்டுச் சுவர்லயா?"

 மயானம் இருக்கிற திசையைப் பார்க்காமல் இருக்கச் சைகல் பட்ட பாட்டிலிருந்தே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அனார்கான் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நடங்க," என்றாள்.

இறங்கும் வழியில் அனார்கான் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மிரட்டுகிற குரலில் இல்லை, மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள். எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். எடுத்தவர்மேல் வழக்குப் போட வேண்டும். தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டவர்மேலும் போட வேண்டும். "உங்களுக்கு வேலை போகும். அவருக்கு வயசு என்ன?"

"எழுபத்தெட்டு."

"ஹும்."

"வேலை போகட்டும். எம்மேல என்ன வேணா எழுதிக்கங்க," என்றாள் சைகல். "கல்ல மட்டும் எடுக்காதீங்க. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. அதையும் எடுத்துட்டா என் வீட்டுக்காரர் இருந்தாருங்கிறதுக்கே இந்த ஊர்ல ஒரு அடையாளம் இருக்காது." பிறகு ஜானிஷைப் பற்றியும், படகைப் பற்றியும், நாற்பது நாளைப் பற்றியும் சொன்னாள். அனார்கான் நடையை நிறுத்தவில்லை. ஆனால் சட்டத்தைப் பற்றி அதற்குமேல் பேசவும் இல்லை.

மயானம் ஏரியைப் பார்த்த மேட்டில் இருந்தது. மண்செங்கல் குவிமாடங்களும், பிறைவைத்த இரும்பு வேலிகளும், அவற்றுக்கு நடுவில் மெடெர் செதுக்கிய கறுப்புக் கற்களும் இருந்தன. அந்தக் கற்களிலிருந்து ஊர்ப் பெரியவர்கள் கண்கொட்டாமல் சாலையைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், எந்தப் படமும் எழுத்தும் இல்லாத ஒரு நீளமான பழுப்புக் கல்லின் மேல் மாமனார் கப்பார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, ரப்பர் செருப்பு. வெள்ளை ஜீப் ஊருக்குள் நுழைந்ததைப் பார்த்ததுமே இங்கே வந்துவிட்டார் போலும்.

"வந்துட்டீங்களா. எங்க, தூக்குற மிசினக் காணோம்?" என்றார். "எடுத்துட்டு வாங்க. நான் எறங்குறதா இல்ல. என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போய் உங்க வேலிக்குள்ள வைங்க. அறுபத்து நாலரைன்னு எனக்கு ஒரு நம்பரு போடுங்க."

"மாமா," என்றாள் சைகல். "என் வாயாலதான் தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சிருங்க."

கிழவர் அவளைப் பார்த்தார். "உன் வாயாலயா? எம்பேரச் சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்ல மாட்டேன்னேன்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறு எதுவுமா என்று சைகலுக்குத் தெரியவில்லை. அதற்குள் அனார்கான் கல்லறைக்கு எதிரே முழங்கால் மடித்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஏந்திவிட்டாள். கல்லறைக்கு வந்தவர் அப்படி உட்கார்ந்துவிட்டால், சண்டைக்காரராக இருந்தாலும் அங்கே இருக்கிறவர் ஓதித்தான் ஆக வேண்டும். கப்பார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கல்லைவிட்டு இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஓதினார். குரல் ஆரம்பத்தில் கரகரத்து, போகப் போகச் சீரானது. மூவரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"படம் எங்கய்யா?" என்று அனார்கான் கேட்டாள்.

"கீழ. உசுருள்ளதோட உருவம் இருக்கிற கல்லு முன்னாடி நின்னு ஓத மாட்டேன்னுட்டாரு இமாம். சரி போங்கன்னு குப்புறப் போட்டேன். ஆனா மூஞ்சி மண்ணுல தேயக் கூடாதுன்னு நாலு மூலைக்கும் கல்லு கொடுத்திருக்கேன். அது நோகல."

"நூத்துப் பன்னண்டுல இது எதுக்கு?"

கிழவர் கையால் கல்லின் ஓரத்தைத் தடவினார். "சின்னதுல ஆடு மேய்க்க அனுப்பினா, வெயிலு காஞ்ச இந்தக் கல்லு மேலதான் மல்லாந்து படுத்துத் தூங்குவான். ஆடு பூரா அடுத்தவன் வயல்ல நிக்கும். எத்தனை தடவ இதுமேலருந்து காதப் புடிச்சு எழுப்பியிருக்கேன். அவன் ஒடம்பு கெடந்த எடம்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். ஏரிய இங்க தூக்கிட்டு வர முடியுமா?"

சைகலுக்கு இது தெரியாது. உயிரோடு இருந்தவரை ஜானிஷும் சொன்னதில்லை, இத்தனை வருடத்தில் இவரும் சொன்னதில்லை. நீளமாக இருந்ததால், டிராக்டருக்கு வசமாகக் கிடைத்ததால் எடுத்தார் என்றே அவள் நினைத்திருந்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நான் பாக்காம எழுத முடியாதுய்யா," என்றாள் அனார்கான். "இது அறுபத்து நாலுதானா, வேற கல்லான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பாத்தாகணும்."

"தூக்கினா ஊரே வந்து பாக்கும். கீழ ஒண்ணுமில்லன்னு பாக்கும். ஒண்ணுமில்லன்னு எல்லாருக்கும் தெரியும்தான். தெரியிறது வேற, எம்புள்ள எடத்துல வெறும் மண்ணப் பாக்குறது வேற. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் அதுக்கு விட மாட்டேன்."

கீழே ஊர்ப் பக்கமிருந்து தாலாய் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடிவருவது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். இந்த ஊரில் வெள்ளை ஜீப்பில் வந்தவர் எங்கே போனாலும் பின்னால் ஆள் சேரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே இருப்பார்கள். கப்பாரும் பார்த்தார். அவர் கை கல்லை இறுக்கிப் பிடித்தது.

அனார்கான் பதிவேட்டைச் சைகலிடம் நீட்டினாள். "இதப் புடிங்க. பேனாவையும் புடிங்க." பிறகு கிழவரிடம், "கண்ணால பாக்கணும்னு சட்டத்துல இல்ல. சரிபாக்கணும்னுதான் இருக்கு. ஓரத்துல என் கை போற அளவுக்கு மண்ணத் தோண்டித் தர முடியுமா?"

கப்பார் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, கல்லுக்கும் தரைக்கும் நடுவில் இறுகியிருந்த புல்வேர்களை அறுத்தார். மண்ணைக் கையால் பறித்துப் போட்டார். அனார்கான் அந்த நல்ல கோட்டோடு அப்படியே தரையில் கவிழ்ந்து படுத்தாள். கன்னம் புல்லில் படிந்தது. கையை உள்ளே விட்டாள், முழங்கைவரை, தோள்வரை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வளைஞ்ச கொம்பு," என்றாள். "ஒண்ணு. ரெண்டாவது, சின்னது. குட்டி." சைகல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவது குட்டிதான். "மூணு. நாலு திரும்பி நிக்குது. அஞ்சு."

"திரும்பி நிக்கிறது நாலாவதுதான்," என்றாள் சைகல். 

"இது அறுபத்து நாலு," என்றாள் அனார்கான். ஆனால் கையை எடுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, உடம்பை இன்னும் கல்லோடு ஒட்டிக்கொண்டு, கையை உள்ளே நீட்டினாள். "இருங்க. இன்னும் இருக்கு."

"படத்துல அஞ்சுதான் இருக்கு."

"படம் எடுக்கும்போது கல்லோட அடிப்பாகம் மண்ணுக்குள்ள இருந்திருக்கு. ஐயா, பிடுங்கினப்ப கீழ என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"ஒரே சேறு. யாராச்சும் பாத்துருவாங்கன்னு அப்பிடியே இழுத்துட்டு வந்து கவுத்தேன். கழுவ எங்க நேரம்?"

"இது ஆடு இல்ல." அனார்கானின் உதடுகள் மெதுவாக அசைந்தன. "ரெண்டு காலு. இடுப்பு. ஒரு கைய நீட்டியிருக்கு. ஆளு. ஐயா, இங்க ஒரு ஆளு இருக்கு."

கப்பார் தொப்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். மறுபக்கம் போய் மண்டியிட்டு, வெறும் கையாலேயே மண்ணைப் பறித்தார். நகத்தில் ரத்தம் வந்தது. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தரையில் படுத்தார். வேலிக்கு அப்பால் ஆட்களின் பேச்சுக்குரல் கேட்க ஆரம்பித்திருந்தது. தாலாய் சைகலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சைகல் திரும்பவில்லை. காற்று பதிவேட்டின் தாளைப் புரட்டப் பார்த்தது. அறுபத்து நாலுக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தை அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையில் திறந்து பிடித்த பேனாவோடு நின்றாள்.

"எங்க?" என்றார் கப்பார், கன்னத்தை மண்ணில் வைத்தபடி. "எனக்குத் தட்டுப்படலையே."

"இன்னும் உள்ள வாங்கய்யா," என்றாள் அனார்கான் மறுபக்கத்திலிருந்து. "பக்கத்துல வந்துட்டீங்க. கொஞ்சம் எடது பக்கம்."

கிழவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை கல்லில் இடிக்க, கையை இன்னும் உள்ளே நீட்டினார்.